டூரிங் பைக்கில் காற்றுத் தடுப்பும் லெக் ஷீல்டும்: மதுரைப் பக்கம் ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையிலிருந்து தேனி, கொடைக்கானல், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று பைக்கில் தூரம் போகிறவர்களுக்காக எழுதியது இது. கிளாசிக், மீட்டியோர், டோமினார், ஹிமாலயன் என்று வண்டி எதுவாக இருந்தாலும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலோர் முதலில் உயரமான வைசர் ஒன்றை, அதாவது ஹெட்லைட்டுக்கு மேலே நிற்கும் காற்றுத் தடுப்பை, வாங்கி மாட்டுகிறார்கள். அப்புறம், தலை ஆட்டம் நிற்கவில்லையே என்று விசாரிக்கிறார்கள். தொல்லை பாதிக்கு மேல் கீழேயிருந்து வருகிறது, அதை முதலில் கவனியுங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

லெக் கார்டு, லெக் ஷீல்டு, டிஃப்ளெக்டர்: எது எது?

எஞ்சினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் இரும்புக் குழாய் லெக் கார்டு. கிராஷ் கார்டு என்றும் சொல்வார்கள். அந்த வளைவுக்குள் தகடோ பிளாஸ்டிக்கோ ரெக்சினோ வைத்து அடைத்தால் அது லெக் ஷீல்டு. டிஃப்ளெக்டர் என்பது உள்ளங்கை அளவிலிருந்து நோட்டுப் புத்தக அளவு வரை வரும் சின்னச் சிறகு. ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) இரு பக்கமும், டேங்குக்குக் கீழே, வைசரின் மேல் விளிம்பில், ஹேண்ட் கார்டில் (ஹேண்டிலில் கைக்கு முன்னால் நிற்கும் தடுப்பு) என்று பல இடங்களில் மாட்டலாம். அது காற்றை நிறுத்தாது, திசையை மட்டும் மாற்றும்.

இவை ஒன்றும் புதுசு இல்லை. 1946இல் வந்த வெஸ்பாவில் லெக் ஷீல்டு பாடியோடு சேர்ந்தே வந்தது. 1958இல் ஹோண்டா சூப்பர் கப் அதைப் பிளாஸ்டிக்கில் செய்தது. நம் ஊரில் சேத்தக்கும் எம் எண்பதும் ஓட்டிய தலைமுறைக்கு அது பழகிய விஷயம். பைக்கில் மட்டும் எஞ்சின் முன்னால் திறந்து நிற்கிறது, அதற்குக் காற்று வேண்டும். அதனால் பைக்கில் லெக் ஷீல்டு போடுகிறவர் காலுக்கு எவ்வளவு, எஞ்சினுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் போட வேண்டும்.

நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா, இல்லை அலங்காரமா?

வேகத்தைப் பொறுத்தது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரின் மார்பு, தோள், தலை எல்லாம் சேர்ந்து சுமார் 0.4 சதுர மீட்டர் காற்றை எதிர்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அவரைப் பின்னால் தள்ளும் விசை சுமார் 7 கிலோ. 80இல் 12 கிலோ. 100இல் 19 கிலோ. நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்ச வேகம் 80தான். அந்த வேகத்திலேயே ஓட்டினாலும் 12 கிலோவை மணிக்கணக்கில் கையாலும் கழுத்தாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். திருநெல்வேலி போய் இறங்கியதும் தோள்பட்டை வலிக்கிறது என்றால் காரணம் சீட் மட்டும் இல்லை.

இதில் எதிர்க்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயை நோக்கிப் போனால் மேற்கிலிருந்து காற்று நேராக முகத்தில் அறையும். அந்தப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. எதிர்க்காற்று 30 கி.மீ. என்றால் 80இல் போகும் உங்கள் உடம்புக்கு அது 110. விசை 23 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்த ரோட்டில் பைக் ஓட்டியவர்கள் மறுக்க மாட்டார்கள்.

வைசர் மாட்டிய பிறகு ஹெல்மெட் முன்பைவிட அதிகமாக ஆடுகிறது. ஏன்?

அதிகமாக வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வைசர் இல்லாத வண்டியில் காற்று பலமாக அடிக்கும், ஆனால் ஒரே சீராக அடிக்கும். கழுத்து வலிக்குமே தவிர தலை நடுங்காது. வைசர் வந்ததும் மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, வைசரின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று கிழிபட்டுச் சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழல் போகும் பாதை உங்கள் ஹெல்மெட்டின் நடுவில் வந்தால் தலை தடதடவென்று ஆடும். கழுத்துக்குக் கீழே முடிந்தாலும் பரவாயில்லை, தலைக்கு மேலே போனாலும் பரவாயில்லை. நடுவில் வருவதுதான் தொல்லை. ஒரே வைசர் ஒருவருக்கு நன்றாக இருந்து அவருடைய தம்பிக்குச் சரிப்படாமல் போவது இதனால்தான். இரண்டு அங்குல உயர வித்தியாசம் போதும்.

இரண்டாவது, வைசருக்குப் பின்னால், உங்கள் மார்புக்கு முன்னால், காற்றழுத்தம் குறைந்துவிடும். வேகமாகப் போகும் பஸ்ஸின் பின்னால் தூசியும் காகிதமும் அதோடு இழுபட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. அந்தக் குறைவை நிரப்பச் சுற்றிலும் இருந்து காற்று பாயும். சிலருக்கு முதுகில் யாரோ கைவைத்து முன்னால் தள்ளுவது போலத் தெரிவதும் இதனால்தான்.

மூன்றாவது, அந்தக் காற்று எந்த வழியாகப் பாய்கிறது என்பது. பெரும்பங்கு கீழேயிருந்து வருகிறது. ஹெட்லைட்டுக்குக் கீழே, ஃபோர்க்கின் இரு பக்கமும், டேங்குக்கு முன்னால் உள்ள இடைவெளி வழியாக மேலே ஏறி, நெஞ்சில் அடித்து, தாடைக்குக் கீழே ஹெல்மெட்டுக்குள் நுழையும். இதைக் கவனிக்காமல் இன்னும் உயரமான வைசர் வாங்கினால் பின்னால் உள்ள வெற்றிடம் பெரிதாகும், கீழேயிருந்து வரும் காற்றும் கூடும். பணம் போகும், ஆட்டம் போகாது. ஃபோர்க் பக்கத்தில் இரண்டு சின்ன டிஃப்ளெக்டர் மாட்டினாலே பல வண்டிகளில் இது அடங்கிவிடும்.

அதற்காகக் கீழே முழுவதையும் அடைத்துவிடவும் கூடாது. வைசரின் அடிப்பகுதியில் ஒரு விரல், இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டினால் கொஞ்சம் காற்று உள்ளே வந்து அந்த அழுத்தக் குறைவைத் தணிக்கும். நல்ல டூரிங் வைசர்களில் கீழே ஒரு திறப்பு விட்டிருப்பது அதற்காகத்தான்.

காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பளி நூல் போதும். ஃபேன்சி ஸ்டோரில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு உருண்டை வாங்கி, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். வைசரின் உள்பக்கம், மேல் விளிம்பு, டேங்கின் மேல், டேங்கின் இரு பக்கம், லெக் கார்டு என்று எல்லா இடத்திலும் ஒட்டலாம். போக்குவரத்து இல்லாத நேர் ரோட்டில் 60, 70இல் போகும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் தோளுக்கு மேலிருந்து மொபைலில் வீடியோ எடுக்கட்டும். ஓட்டுபவர் நூலைப் பார்க்கவே வேண்டாம், ரோட்டைப் பார்த்தால் போதும்.

வீட்டில் வந்து வீடியோவை நிதானமாகப் பாருங்கள். பின்பக்கமாக நேராகப் படுத்திருக்கும் நூல் இருந்தால் அங்கே காற்று ஒழுங்காகப் போகிறது. வட்டம் போட்டு ஆடும் நூல் இருக்கும் இடம் சுழல். டேங்கின் மேல் ஒட்டிய நூல் முன்பக்கமாகத் திரும்பி வைசரை நோக்கிப் படுத்திருந்தால், அங்கே காற்று பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது என்று அர்த்தம். முதல் தடவை பார்ப்பவர்கள் நம்பவே மாட்டார்கள். டேங்கின் பக்கவாட்டில் உள்ள நூல் மேல்நோக்கி நிமிர்ந்து துடித்தால் கீழேயிருந்து வரும் காற்றுதான் எதிரி. டிஃப்ளெக்டர் வைக்க வேண்டிய இடம் அந்த நூலுக்கு நேர் முன்னால், ஃபோர்க்கில்.

இடம் தெரிந்ததும் உடனே கடைக்குப் போகாதீர்கள். போர்டு எழுதும் கடையில் சன்பேக் ஷீட் (விளம்பர போர்டுக்குப் போடும் பிளாஸ்டிக் அட்டை) துண்டு கிடைக்கும். அதைக் கத்தரியால் வெட்டி, கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, திருமங்கலம் வரை மிதமான வேகத்தில் போய் வாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அதே வடிவத்தை வைத்துப் பாலிகார்பனேட்டில் செய்துகொள்ளலாம். தெரியவில்லை என்றால் நஷ்டம் ஒரு துண்டு சன்பேக்.

அப்படியானால் எந்த வரிசையில் வாங்குவது?

முதலில் ஃபோர்க் பக்க டிஃப்ளெக்டர். அது போதவில்லை என்றால் இப்போது இருக்கும் வைசரின் கோணத்தையும் உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகு வைசரின் விளிம்பில் கிளிப் போட்டு மாட்டும் சின்ன டிஃப்ளெக்டர். மழையிலும் குளிரிலும் அதிகம் போகிறவர் என்றால் லெக் ஷீல்டு. உயரமான வைசர் கடைசி. டோமினார் 400 வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வேலை மிச்சம்: 2021இல் கம்பெனியே உயரமான வைசர், ஹேண்ட் கார்டு, லெக் கார்டு எல்லாம் சேர்த்து வெளியிட்டது. அந்த மாடல் என்றால் லெக் கார்டு ஏற்கெனவே இருக்கிறது, ஷீல்டு மட்டும் யோசித்தால் போதும்.

வைசரை எவ்வளவு உயரமாக வாங்கினாலும் அதன் மேல் விளிம்பு உங்கள் மூக்கு, வாய் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. ரோட்டை வைசருக்கு மேலாகப் பார்க்க வேண்டும், வைசர் வழியாக அல்ல. இரவு மழையில் எதிரே வரும் லாரியின் லைட் நனைந்த பிளாஸ்டிக்கில் சிதறினால் குழி எது, ரோடு எது என்று தெரியாது.

மதுரை வெயிலில் லெக் ஷீல்டு போட்டால் கால் வெந்துவிடாதா?

கத்திரியில் வெந்துவிடும். அதனால் கழற்றி மாட்டக்கூடியதாக இல்லாத லெக் ஷீல்டை மதுரைக்காரர் வாங்கவே கூடாது என்பேன்.

எஞ்சினிலிருந்து வரும் சூட்டைக் காலில் படாமல் பின்னால் அடித்துச் செல்வது அந்த எதிர்க்காற்றுதான். ஷீல்டு அதைத் தடுத்தால் சூடு முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே தேங்கும். ரேடியேட்டர் உள்ள வண்டியில் ஃபேன் ஓடும்போது வெளியே தள்ளும் அனலும் அங்கேயே சுற்றும். காளவாசல் சிக்னலில் மே மாதம் நடுப்பகலில் இரண்டு சிக்னல் காத்திருந்தால் கால் சொல்லிவிடும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நம் தோலின் வெப்பம் 34, 35 டிகிரி. காற்று 40 டிகிரியில் வீசும்போது அது உடம்பைத் தானாகக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்தித்தான் குளிர்விக்கிறது. வியர்வை தீர்ந்தால் அனல் மட்டும்தான் மிச்சம். அதனால் கோடையில் மேல் உடம்புக்கு அளவாக ஒரு வைசர் இருப்பது நல்லது, உலர்ந்துபோவது குறையும். கால் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும்.

பங்குனி பிறந்ததும் கழற்றி வைத்துவிட்டு, ஆடிக்காற்று தொடங்கும்போது மாட்டி, ஐப்பசி கார்த்திகை மழையும் மார்கழி தை குளிரும் முடியும் வரை வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

எஞ்சின் சூடாகுமா?

தவறாக மாட்டினால் ஆகும். எஞ்சினின் முழு அகலத்துக்கும், அதற்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கும் எதுவும் வரக் கூடாது. ஷீல்டு அதற்கும் வெளியே, காலுக்கு நேரே மட்டும் இருக்க வேண்டும். பழைய ஹிமாலயன் 411இலும் சூப்பர் மீட்டியோர் 650இலும் முன்னால் ஆயில் கூலர் இருக்கிறது. டோமினாரிலும் ஹிமாலயன் 450இலும் ரேடியேட்டர். இவற்றின் முகத்தை ஒரு ஓரம்கூட மறைக்க வேண்டாம். கிளாசிக், மீட்டியோர் 350 போன்றவற்றில் சிலிண்டரைச் சுற்றியுள்ள பட்டைகள்தான் காற்றை வாங்குகின்றன, அவற்றுக்கும் இதே விதி.

ஷீல்டைச் சுவர் மாதிரி நேராக நிறுத்தாமல், உள் விளிம்பு முன்னாலும் வெளி விளிம்பு பின்னாலும் வருகிற மாதிரிச் சாய்த்து மாட்டுங்கள். காற்று காலைத் தாண்டி வெளிப்பக்கமாக வழுக்கிப் போய்விடும். லெக் கார்டின் மேல் சுமையும் குறையும்.

எந்தப் பொருளில் செய்வது?

ஒளி ஊடுருவ வேண்டிய இடத்துக்கு அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். அக்ரிலிக் சீக்கிரம் கீறாது, வெயிலில் மஞ்சளாகாது, ஆனால் கல் பட்டால் உடைந்து சில்லாகும். பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் தட்டினாலும் தாங்கும், ஆனால் கீறல் எளிதில் விழும், வெயில் தாங்கும் பூச்சு இல்லாத மலிவான ஷீட் மதுரை வெயிலில் மஞ்சளாகிவிடும். லாரி டயர் கல்லைத் தெறிக்கும் ரோட்டில் முகத்துக்கு முன்னால் இருப்பது சில்லாகக் கூடாது. அதனால் என் ஓட்டு பூச்சுள்ள பாலிகார்பனேட்டுக்கு. 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனம் போதும்.

கால் பக்கத்துக்கு ஒளி ஊடுருவ வேண்டியதில்லை. அலுமினியத் தகடு கேட்ட வடிவத்தில் வளையும், ஆனால் ஓரம் கத்தி. சுற்றிலும் ரப்பர் பீடிங் போடாமல் அதை வண்டியில் ஏற்றாதீர்கள். ஃபைபர் உறுதியானது, விழுந்தால் விரிசல் விடும். இரும்புத் தகரம் வேண்டாம்: கனம், துரு, ஓயாத தடதட சத்தம்.

ரெக்சின் கவர் தைத்துப் போடலாமா?

தாராளமாக. நம் ஊருக்கு இதுதான் மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆட்டோவுக்கு சீட்டும் டாப்பும் தைக்கும் கடையில் லெக் கார்டைக் காட்டினால் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பார்கள். நடுவில் கான்வாஸ் ஒரு மடிப்பு வைத்து, ஓரத்தில் பித்தளைக் கண் அடித்து, நாடா கோத்து, லெக் கார்டில் முரசில் தோல் இழுப்பது போல விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தளர்ந்தால் காற்றில் படபடவென்று அடித்துத் தையல் பிரிந்துவிடும். உள்பக்கம் எஞ்சினிலோ சைலன்சர் வளைவிலோ தொடாமல் நான்கு விரல் தள்ளி நிற்க வேண்டும். ரெக்சின் சூட்டில் உருகும், புகையும். நாடாவின் நுனி தொங்கக் கூடாது, முடிச்சுக்கு மேல் கேபிள் டை ஒன்று போட்டுவிடுங்கள்.

பங்குனி வந்ததும் நாடாவை அவிழ்த்துச் சுருட்டி சைடு பெட்டியில் போட்டுவிடலாம். கொடைக்கானல் மலை ஏறும் முன் வத்தலக்குண்டில் டீ குடிக்கிற நேரத்தில் கட்டிக்கொள்ளலாம். வண்டி விழுந்தாலும் காலைக் கிழிக்காது.

துளை போட்ட இடத்தில் விரிசல் விடுகிறது. எப்படித் தவிர்ப்பது?

நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

துளை போல்ட்டின் அளவுக்கே இருந்தால் விரிசல் விடும். பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரியும். அரை மீட்டர் அகல வைசர் விடியற்காலைக்கும் நிறுத்தி வைத்த உச்சி வெயிலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். அதற்கு நகர இடம் வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 7 அல்லது 8 மில்லிமீட்டர் துளை போட்டு, ரப்பர் புஷ் வைத்து, பிளாஸ்டிக் வாஷர் போட்டு, வாஷர் கையால் சுற்றினால் லேசாகச் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

துளையின் ஓரம் பிசிறாக இருந்தாலும் விரிசல் அங்கேதான் தொடங்கும். துளை போடும் இடத்தில் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, அடியில் பலகை வைத்து, மெதுவான வேகத்தில், சின்ன பிட்டில் தொடங்கிப் பெரிய பிட்டுக்குப் போங்கள். கடைசியில் உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டுத் தேயுங்கள். விரல் வைத்துப் பார்த்தால் வழவழவென்று இருக்க வேண்டும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. போல்ட் கழன்றுவிடாமல் இருக்க மரையில் விடும் லாக்டைட் மாதிரி திரவம் பாலிகார்பனேட்டில் பட்டால் அதைத் தின்றுவிடும். மாட்டும்போது நன்றாக இருக்கும், சில நாளில் துளையைச் சுற்றி சிலந்தி வலையாக விரிசல் ஓடும். பெட்ரோலும் அப்படித்தான். இந்த வேலைக்கு உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள், திரவமே தேவைப்படாது.

நான்காவது, துளையை ஓரத்துக்கு மிக அருகில் போடுவது. துளையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது உள்ளே தள்ளி இருக்கட்டும்.

குறுக்குக் காற்றில் வண்டியை இழுக்காதா?

உயரமான வைசர் இழுக்கும். அதுவும் ஹேண்டில்பாரில் மாட்டிய வைசர் என்றால் காற்று அடிக்கும் ஒவ்வொரு அடியும் நேராக ஸ்டியரிங்குக்குப் போகும். ஃபிரேமில் மாட்டியது அவ்வளவு தொல்லை தராது. லெக் ஷீல்டு தாழ்வாக, வண்டியின் எடை நிற்கும் உயரத்துக்கு அருகில் இருப்பதால் சாய்க்கும் வலு குறைவு. கீழே போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்கே போகிறவர்கள் கயத்தாறு காற்றாலைகளை மனதில் வையுங்கள். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று, தெற்கு நோக்கிப் போகும் உங்களை வலது பக்கம் இருந்து தள்ளும். நீங்கள் அறியாமலே வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பெரிய லாரியைத் தாண்டும்போது, அல்லது அது உங்களைத் தாண்டும்போது, காற்று சட்டென்று நின்று மறுபடி அடிக்கும். அந்த ஒரு நொடியில்தான் வண்டி லேன் மாறப் பார்க்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கமும் இதே நிலை. பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் திறந்த கடல். உயரமான வைசரோடு அதில் போகும்போது 40க்கு மேல் அவசரம் வேண்டாம்.

ஹேண்டில் தானாக ஆட ஆரம்பித்தால் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்து, முழங்காலால் டேங்கை இறுக்கி, கையைத் தளர்வாக வைத்தால் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்து அந்த வைசரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லை என்றால் அந்த வைசர் உங்கள் வண்டிக்கு வேண்டாம்.

மழைக்கு எவ்வளவு பயன்?

மேலே இருந்து விழும் மழைக்குக் கொஞ்சம்தான். ரோட்டில் தேங்கிய தண்ணீரை முன்சக்கரம் வாரி ஷூவில் அடிப்பதற்கு நிறைய. முன் மட்கார்டுக்குக் கீழே ஒரு ரப்பர் மடலும் சேர்த்து மாட்டினால் எஞ்சின் மேல் சேறு படிவதும் குறையும். மழைக் கால்சட்டை தேவைப்படாது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கொடைக்கானல், மூணாறு குளிருக்கு?

மதுரையைவிடக் கொடைக்கானல் சுமார் 2,000 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி கணக்கில் பார்த்தாலே மேலே 13 டிகிரி குறைவு. மலை ரோட்டில் வேகம் குறைவு என்பதால் வைசரால் பெரிய பலன் இல்லை. ஹேண்ட் கார்டும் அதன் மேல் சின்ன டிஃப்ளெக்டரும்தான் உதவும், ஏனென்றால் முதலில் விறைப்பது விரல். விறைத்த விரல் கிளட்சையும் பிரேக்கையும் தாமதமாகப் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவில் அது நல்லதில்லை. போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

ஹேண்ட் கார்டு மாட்டியதும் லீவரை முழுவதும் பிடித்துப் பாருங்கள். விரல் நுனியோ லீவர் நுனியோ அதில் தொடக் கூடாது.

பின்னால் உட்காருபவருக்கு என்ன ஆகும்?

முன்னால் இருப்பவருக்குச் சுகம், பின்னால் இருப்பவருக்குத் தொல்லை என்று ஆவது உண்டு. உங்கள் தலையைத் தாண்டிய சுழல் அவருடைய முகத்தில் போய் முடியும். பின் சீட் உயரமாக உள்ள வண்டியில் இது அதிகம். சோதனை ஓட்டத்தை வீட்டுக்காரரையோ வீட்டுக்காரம்மாவையோ பின்னால் வைத்துத்தான் செய்யுங்கள். புடவை, துப்பட்டா விஷயத்திலும் கவனம் வேண்டும்: வைசரும் லெக் ஷீல்டும் காற்றைப் பக்கவாட்டில் தள்ளும்போது முந்தானை முன்பு பறக்காத திசையில் பறக்கும். இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மைலேஜ் குறையுமா?

80க்குள் ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. அதற்கு மேல் பெரிய வைசரும் அகலமான ஷீல்டும் காற்றை அதிகம் எதிர்கொள்வதால் குறையும்.

போலீஸ், ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ் சிக்கல் உண்டா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதனால் ஃபிரேமை வெட்டுவது, வெல்டிங் வைப்பது, முன்பக்கத்தையே வேறு வண்டியாக ஆக்குவது எல்லாம் வேண்டாம். போல்ட்டில் மாட்டி போல்ட்டில் கழற்றும் சின்ன வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கம்பெனியே விற்கும் உதிரி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதையும் ஒரு கோணத்தில்கூட மறைக்கக் கூடாது. கூரான ஓரம் வெளியே நீட்டக் கூடாது. நடந்து போகிறவர் காலில் படும் இடம் அது.

தனியாக வாங்கி மாட்டிய பொருளைப் பாலிசியில் எழுதிக் கொடுத்து அதற்கான பிரீமியம் கட்டியிருந்தால்தான் விபத்தில் அதற்குப் பணம் வரும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மாட்டி முடித்ததும் என்ன பார்க்க வேண்டும்?

ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். டிஃப்ளெக்டர் டேங்கையோ கேபிளையோ பிரேக் குழாயையோ தொடுகிறதா என்று பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைப் பலமாக அழுத்துங்கள், முன்சக்கரம் மேலே வரும்போது லெக் ஷீல்டில் உரசக் கூடாது. ஷூ போட்டுக்கொண்டு கியரையும் பின் பிரேக்கையும் மிதியுங்கள். காலைச் சட்டென்று தரையில் ஊன்றிப் பாருங்கள், அவசரத்தில் ஷீல்டில் மாட்டக் கூடாது. ஷீல்டின் அடி விளிம்பு ஃபுட்ரெஸ்ட் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் வளைவில் சாயும்போது ரோட்டில் உரசும்.

முதல் நூறு கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி எல்லா நட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். அதிர்வில் தளர்வது பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

எப்படித் துடைப்பது?

மாலையில் வைகைக் கரையோரம், வயல் ஓரம் வந்தால் பூச்சி அப்பிக்கொள்ளும். காய்ந்த பிறகு தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். தினசரித் தாளையோ துணியையோ நன்றாக நனைத்து வைசர் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், ஊறிக் கழன்றுவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி. வீட்டு ஜன்னல் துடைக்கும் ஸ்ப்ரேயில் அமோனியா இருக்கலாம், அது பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். பெட்ரோல் நனைத்த வேஸ்ட் துணியால் துடைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு, சர்வீஸுக்கு விடும்போது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். எனக்குத் தேவையா?

தேவையில்லை. மாட்டுத்தாவணிக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே போகும் வேகத்தில் இவற்றால் பலன் இல்லை, எஞ்சின் சூடு மட்டும்தான் காலில் சேரும். அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்.